அலையாத்திக்கு ஓர் அத்தாட்சி

அந்தக் குப்பத்தில் மிச்சமிருந்தது செங்கமலத்தின் வீடு ஒன்றுதான். கடல் உள்ளே வர வர மற்றவர்களெல்லாம் மேட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அவள் மட்டும் கைக்குழந்தையோடு தங்கி, கரையில் பாதி தூரத்துக்கு, அலையைத் தடுக்கும் அலையாத்திச் செடி நட்டு வளர்த்திருந்தாள். மீதிக் கரையிலும் நட, ஊர்மக்களுக்கான பருவநிலை மாற்ற நிதி கேட்டு மனுப் போட்டாள்.

பார்வையிட வந்த அதிகாரி தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் குச்சியெல்லாம் கடலைத் தடுக்கும்னு எந்தப் படிச்ச ஆளு சொன்னான்? அத்தாட்சி இல்லாம நிதி கிடையாது."

"படிச்சவங்க யாரையும் எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஆனா இன்னிக்குப் பௌர்ணமி, இப்போ ஓதம் ஏறிக் கடல்தண்ணி உள்ள வரும். உங்க ஜீப்பு வெறுங்கரையிலேயே நிக்கட்டுங்களா, இல்ல செடிக்குப் பின்னால விடச் சொல்லட்டுங்களா?"

அதிகாரி பதறித் திரும்பினார். "யோவ் டிரைவர், வண்டியைச் செடிக்குப் பின்னால கொண்டு போய்யா."

"படிச்ச ஆளே சொல்லிட்டீங்களே ஐயா" என்றாள் செங்கமலம், தலை குனிந்தபடி.

டிரைவர் சிரிப்பை மறைக்க இருமினார். அதிகாரி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனபின், ஜெயித்த சேதியைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. குழந்தையிடமே சொன்னாள். அது கொட்டாவி விட்டது.