சேற்றுக்குடிகளுக்கு மூடி வந்த கதை

மண்ணும் மரமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இரும்பு உருக்குகிறவர்கள் குடியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஏழு உலைகள். மலையிலிருந்து இரும்புக்கல்லைச் சுமந்து வந்து, உடைத்து, கரியோடு சேர்த்து உலையில் போடுவார்கள். பகல் முழுக்கத் துருத்தி ஊதினால் பொழுது சாயும்போது ஒரு கட்டி இரும்பு கிடைக்கும். சுற்றுவட்டாரத்து ஏர்களுக்கெல்லாம் கொழு அங்கிருந்துதான் போயிற்று. கொழு போனால் தானியம் வரும். உலை அணைந்தால் வீட்டில் அடுப்பும் அணையும்.

அங்கே நல்லக்காள் என்றொருத்தி இருந்தாள். துருத்தி மிதிப்பது அவள் வேலை. அவள் கணவன் சடையன் உலைக்குக் கல்லும் கரியும் இடுவான். வீடு திரும்பிய பிறகு ஒருவரோடு ஒருவர் பேச நேரம் இருந்தது, தெம்புதான் இருக்கவில்லை.

உழைப்பைவிட அவர்களை அதிகம் வாட்டியது புகை. பள்ளம் என்பதால் அது மேலே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரிகிற கரும்புகையையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதற்குள் நிறமும் மணமும் இல்லாத ஒன்று கலந்திருந்தது. அதைச் சுவாசித்தவர்களுக்குத் தலை கனக்கும், கால் துவளும், தூக்கம் தூக்கமாக வரும். ஒரு வருடம் ஐப்பசி மழையில் சடையனின் தம்பி மாடன் மத்தியானச் சோறு தின்றுவிட்டு உலையோரம் கண்ணயர்ந்தான். மழைக்கு ஒதுங்கித் தூங்குகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழுப்பப் போனபோது அவன் உயிரோடு இல்லை. முகம் மட்டும் சிவந்து, நல்ல உடம்போடு தூங்குகிறவன் முகம் போலவே இருந்தது.

மாடனைப் புதைத்த மறுநாளும் உலை எரிந்தது.

நல்லக்காள் காற்றிடம் போய்க் கேட்டாள். இந்த மலையைத் தாண்டி இறங்கி வருவதற்குள்ளேயே தனக்கு மூச்சு வாங்குகிறது, புகையை வேறு தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்று காற்று சொல்லிவிட்டது. மரங்களிடமும் கேட்டுப் பார்த்தாள். தின்ன முடிந்ததைத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம், அந்த மணமில்லாதது எங்களுக்குச் செரிக்கவில்லை என்று அவை சொல்லின. அவள் யார்மேலும் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஒருநாள் கரி படிந்த கைகால்களைக் கழுவுவதற்காகப் பள்ளத்தின் அடியில் இருந்த சதுப்புக்குப் போனாள். இறங்கிய கால் முழங்கால்வரை புதைந்தது. உருவி எடுக்க மனமில்லாமல் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். காலடியிலிருந்து குமிழ் குமிழாக எழும்பியது. ஒவ்வொரு குமிழ் உடையும்போதும் ஒரு சொல் கேட்டது.

"உன் காலில் இருக்கிற இந்தப் புகை எங்களுக்குத் தெரிந்த புகை."

பேசியவை சேற்றுக்குள் வாழ்கிற உயிர்கள். ஒரு கடுகின்மேல் அவற்றில் ஓர் ஊரே குடியிருக்கலாம், அவ்வளவு சிறியவை. நல்லக்காள் அவர்களுக்குச் சேற்றுக்குடிகள் என்று பெயர் வைத்தாள். அவர்கள் தாங்கள் பட்ட பாட்டைச் சொன்னார்கள். ஆதியில் இந்தப் பூமி முழுவதும் அவர்களுடையதாக இருந்ததாம். மலைகள் கக்கிய புகையைத் தின்று வயிறு நிறைய இருந்தார்களாம். பிறகு பச்சைப் பாசி பிறந்தது. அது வெயிலைக் குடித்துப் புதிதாக ஒரு காற்றை வெளியே விட்டது. மற்றவர்களுக்கு மூச்சாக ஆன அந்தக் காற்று இவர்களை நெருப்பாகச் சுட்டது. பட்டவர்கள் செத்தார்கள். தப்பியவர்கள் காற்று நுழையாத சேற்றுக்குள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அரை வயிறுதான்.

"உங்களைக் கொல்கிறதே, அதுதான் எங்கள் சோறு. அதை இங்கே கொண்டு வா. கூடவே ஒரு பொட்டுக் காற்றும் வரக் கூடாது."

எப்படிச் செய்வது என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். நல்லக்காளும் சடையனும் ஒரு பெரிய தாழியைச் சதுப்புக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்கு அடியிலேயே சேற்றை நிரப்பி, மூடி போட்டுக் களிமண்ணால் பூசி, உலையருகே தூக்கி வந்தார்கள். உலையின் தலையில் மண்கூடு கட்டி, அதிலிருந்து ஒரு சுட்ட மண்குழாயைத் தாழிக்குள் இறக்கினார்கள். தின்று மிஞ்சியது வெளியேற இன்னொரு குழாய் வைத்து, வெளிக்காற்று அதன் வழியே நுழையாதபடி நுனியை ஒரு சட்டித் தண்ணீரில் மூழ்க வைத்தார்கள். தாழியின் அடியில் ஒரு சின்னத் துளையும் தக்கையும் இருந்தன.

ஏழெட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் தலைவலி விட்டது. தக்கையை எடுத்தால் புளித்த நீர் வடிந்தது. துருப்பிடித்த கொழுவை அதில் ஊறப்போட்டால் மறுநாள் பளிச்சென்று இருந்தது. அந்த நீரைக் காய்ச்சி, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து விளக்கில் ஊற்றினால் நீலமாக எரிந்தது. மற்ற ஆறு உலைக்காரர்களும் தாழி வைத்தார்கள். பள்ளத்தில் வெகுநாளைக்குப் பிறகு எதிர் மலை தெரிந்தது.

ஆறு மாதம் போயிற்று. சித்திரை வெயில். அன்று துருத்தி மிதித்து மிதித்து நல்லக்காளுக்குக் கால் மரத்துவிட்டது. உலையைத் தணித்துவிட்டு நிழலில் சாய்ந்தாள். சடையன் தாழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"உழுகிற மாட்டைக்கூட உச்சி வெயில்ல அவுத்து விடுறோம் புள்ள. ஆறு மாசமா இதுங்க ஒரு நாள் நிக்கல."

"காத்து ஆகாதுன்னு சொல்லிச்சுங்களே, மாமா."

"அது எந்தக் காலத்துக் கதையோ. உழைக்கிற ஜீவனுக்கு ஒரு நாழி இளைப்பாறக் கசக்குமா?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தன் உடம்பு கேட்டதையே அவர்களும் கேட்பார்கள் என்று நம்பினாள். அரிவாள் நுனியால் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, மூடியைத் தூக்கிக் கீழே வைத்தாள். முறத்தை எடுத்துத் தாழிக்குள் கொஞ்ச நேரம் விசிறியும் விட்டாள். பொழுது சாய்ந்ததும் பழையபடி பூசி மூடினாள்.

மறுநாள் காலையில் உலை மூட்டினார்கள். காற்றுப் பட்டதில் தாழிக்குள் தின்பவர் யாரும் உயிரோடு இல்லை. வந்த புகை வந்தபடியே மறு குழாய் வழியாகச் சட்டியில் கொப்பளித்தது. சடையன் அதன் பக்கத்தில் கரி உடைத்துக்கொண்டிருந்தான். நல்லக்காள் கூழ் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் அவன் சரிந்து கிடந்தான். முகம் மாடன் முகம்போலச் சிவந்திருந்தது. அக்குளில் கை கொடுத்து அவனை மேட்டுக்கு இழுத்துப் போனாள். உச்சிப் பொழுதில்தான் மூச்சு சீராக வந்தது. கண்ணைத் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தான்.

"நீ யாரு தாயி?" என்றான்.

நல்லக்காள் அவன் வாயில் கூழைப் புகட்டிவிட்டுச் சதுப்புக்கு நடந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தானே மூடியைத் திறந்ததையும், விசிறியதையும் சொன்னாள். சாபம் விடுவார்கள் என்று காத்திருந்தாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

"இளைப்பாறுவது உங்கள் ஆசை," என்றது கடைசியில் ஒரு குமிழ். "எங்களுக்கு அந்த மூடிதான் வீடு."

"செத்தவங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம். மிஞ்சியவர்களுக்குப் பசிக்கிறது. வேறு தாழி வை. ஆனால் இனி எங்களைத் திறந்து பார்க்காதே, உன்னைப் போலவே எங்களையும் நினைத்து நல்லது செய்யாதே. வெளியில் நின்று காது கொடுத்துக் கேள், அது போதும்."

அவள் அப்படியே வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கே புதுத் தாழி கொண்டுவந்து, சேறு நிரப்பி, கை வெடிக்கும்வரை களிமண் பிசைந்து மூடியைச் சுற்றிப் பூசினாள்.

சடையனுக்கு ஒரு மாதத்தில் அவள் பெயர் திரும்பி வந்தது. தம்பி செத்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மாடன் எங்கே என்று அவ்வப்போது கேட்பான். மலைக்குப் போயிருக்கிறான் என்று அவள் சொல்வாள். உலை வேலை அவனுக்குப் பிடிபடவில்லை, அதனால் தாழியின் மேல் காதை வைத்துக் கேட்பது அவன் வேலையாயிற்று. உள்ளே சத்தம் மாறினால் உடனே சொல்லிவிடுவான். அவன் சொன்னதும் அவள் உலையைத் தணிப்பாள்.

இன்றைக்கும் ஆலைகளில் உலைப்புகையை எரிசாராயமாக மாற்றுகிறவர்கள் இந்தச் சின்ன உயிர்களைக் காற்றுப் புகாத கலத்தில்தான் அடைத்து வைக்கிறார்கள். உள்ளே நடப்பதை வெளியில் நின்றே தெரிந்துகொள்கிறார்கள். மீறித் திறந்தால் உள்ளே இருப்பவை செத்துப்போகின்றன. சேற்றுக்குடிகள் இருட்டில் ஓயாமல் உழைப்பதும், மனிதர்கள் அந்த மூடியில் கை வைக்காமல் இருப்பதும், நல்லக்காள் இரண்டாவது தாழியைப் பூசிய அந்த நாளிலிருந்துதான்.