செல்லக்கனியின் மணல்மேடு

மணல் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் லிங்கத்துரை மல்லாந்து படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வெயிலில் இப்படிக் கிடக்க ஒரு வைராக்கியம் வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

கடலோரத்து அந்த ஊரில் எல்லாக் கிணறும் உப்பு. இந்த மேட்டடியில் மட்டும் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் சிரட்டையால் கோரிக் குடம் நிரப்புவார்கள். மணல் போனால் தண்ணீரும் போகும். மேட்டுக்குச் சொந்தக்காரி செல்லக்கனிக்கும் அது தெரியும்.

"எம் பேருலதான் பட்டா இருக்கு," என்றாள். கையிலிருந்த காகிதத்தை விரித்துக் காட்டினாள். "எம் புருசன் ஆஸ்பத்திரியில கெடக்காரு. இந்த மணல வித்துத்தான் ஆபரேசன் பண்ணணும். ஊரு வந்து பண்ணுமா?"

டிரைவர் பொறுமையிழந்து வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினான். கூடி நின்ற பெண்கள் அலறினார்கள். லிங்கத்துரை அசையவில்லை.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, மடத்துச் சாமியார் வந்தார். லிங்கத்துரையைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். சீடரின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. பட்டா இருந்தா ஊர்த் தண்ணிய அழிக்கலாமா?"

"உங்க மேடு எங்க, லிங்கத்துரை?"

லிங்கத்துரை கண்களை மூடிக்கொண்டார்.

"அத ஆறு வருசம் முந்தியே அள்ளக் குடுத்துட்டேனே. எல்லாரும்தான் குடுத்தாங்க. அப்ப தெரியல சாமி."

"நிலம்?"

"இருக்கு. ரோட்டோரம், சமனா. மனைக்கு நல்லா விலை போகும்."

"அதை இந்தம்மாவுக்கு எழுதிக் கொடுங்க. இந்த மேட்டை உங்க பேருக்கு மாத்திக்குங்க."

"எனக்குச் சம்மதம்," என்றாள் செல்லக்கனி உடனே.

லிங்கத்துரை எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து போலீசு சொல்லியும் எழாத மனிதர்.

"சாமி, அது நான் பிள்ளைகளுக்குன்னு வச்சிருக்கது. இந்த மேட்ட வாங்கி நான் என்ன பண்ண? விக்க முடியாது, வெதைக்க முடியாது, ஒரு குடிசை போட முடியாது."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இத்தனை வருசம் இந்தம்மா சும்மா வச்சிருந்தாங்கல்ல, அப்படி வச்சிருங்க."