ஓட்டைக் கேட்டவளுக்கு ஓட்டை

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. அவற்றின் முட்டைகளுக்குத்தான் ஓடு இல்லை. இலைமேல் பனித்துளி போல வெறுமனே கிடக்கும். வெயில் ஏறினால் காய்ந்து சுருங்கிவிடும். பூவாயி என்ற வண்ணத்துப்பூச்சி இரண்டு முறை அப்படிப் பறிகொடுத்தவள். மூன்றாம் முறை எலுமிச்சை இலையில் முட்டையிட்டதும், மண்வீடு கட்டும் குளவி செங்கம்மாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

செங்கம்மா வேலையில் கெட்டிக்காரி. ஆனால் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஒவ்வொரு முட்டைக்கும் வரிவரியாக மேடு வைத்து ஓடு வனைந்தாள். உள்ளே இருக்கும் ஈரம் வற்றாதபடி மெழுகு பூசினாள். உச்சியில் மட்டும் ஊசிமுனையளவு துளை விட்டாள்.

அதைப் பார்த்ததும் பூவாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது? ஓட்டைக் கேட்டா ஓட்டையைக் கொடுத்திருக்கே!"

வேடிக்கை பார்த்த வெட்டுக்கிளியும் பொன்வண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. செங்கம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"சரி, எப்படி வேணும்? நீயே சொல்லு."

"காத்துகூட நுழையக் கூடாது."

"காத்துகூடவா?"

"ஆமா. காதுல விழலையா?"

அப்போதாவது செங்கம்மா வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாழாய்ப்போன வீம்பு! மெழுகைக் குழைத்து எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டாள்.

பூவாயி நிம்மதியாகத் தேன் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது முட்டைகள் கறுத்துக் கிடந்தன. அலறிக்கொண்டு குளவியிடம் ஓடினாள்.

"பாவி! என் பிள்ளைங்களைக் கொன்னுட்டியே!"

"மூச்சு விடத்தான் துளை வெச்சேன். நீதான் வேணாம்னே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செத்தவை செத்தவைதான்.

பூவாயி எலுமிச்சை இலைக்குத் திரும்பினாள். ஒரே ஒரு முட்டையில் மட்டும் துளையை அடைத்த மெழுகு பிடிக்காமல் உதிர்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு புழு வெளியே வந்து, கறுத்துக் கிடந்த உடன்பிறப்புகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"பசிக்குதா கண்ணு? தளிரைக் காட்டட்டுமா?" என்று பூவாயி நெருங்கினாள்.

"வேணாம். முதல்ல இதைத் தின்னுட்டு வரேன். நீ எங்களுக்காகக் கேட்டு வாங்கினது இதுதானே?" என்ற புழு, தான் இருந்த ஓட்டைத் துகள்கூட மிச்சமில்லாமல் தின்று தீர்த்தது. "இனிமே எங்களுக்காக நீ எதுவும் கேக்காதே அம்மா. முட்டையை வெச்சுட்டுப் போயிடு."

பூவாயி எழுந்து பறந்தாள்.

அன்று முதல்தான் வண்ணத்துப்பூச்சியின் முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பிறந்த புழு தளிரைத் தொடும் முன் தன் ஓட்டைத் தின்கிறது. முட்டையிட்ட தாயோ, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள்.