இலுப்பை மரத்து வங்கியின் புதுக் கணக்கு

ஒரு காட்டில் பெரிய இலுப்பை மரத்தின் அடியில் ஒரு தானிய வங்கி இருந்தது. முயல்களும் காடைகளும் அணில்களும் கோடைக்கு வேண்டிய தானியத்தை அதில் போட்டு வைக்கும். விதைக்கக் கேட்பவர்களுக்கு வங்கி அதிலிருந்து கடன் கொடுக்கும். அதன் தலைவர் ஒரு பெருச்சாளி. கணக்கர் ஒரு மரங்கொத்தி. கணக்கையெல்லாம் மரப்பட்டையில் கொத்தி வைப்பது அவர் வழக்கம்.

ஆண்டுக்கு ஒருமுறை குளக்கரையில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கப்படும். போன ஆண்டுக் கணக்கு, மரக்காலால் அளந்து, ஆயிரம் மரக்கால் தானியம். குழியில் அறுநூறு, கடனாக வெளியே போனது நானூறு. போட்டவர்களின் தானியம் அறுநூற்றைம்பதுதான். மீதியெல்லாம் லாபம்! பெருச்சாளிக்கு மாலை விழுந்தது.

இப்படிப் பெருகியதற்குக் காரணம் பழைய விதி. கடன் வாங்கியவர் “தரமாட்டேன்” என்று தன் வாயால் சொல்லும்வரை அந்தக் கடன் முழுவதும் வங்கியின் சொத்து. இதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு காட்டுச் சபையின் தலைவியான யானை புது விதி கொண்டுவந்தாள்.

“கொடுத்த கடன்ல எவ்வளவு திரும்பி வராம போகலாம்னு யோசிக்கணும். அதை இப்பவே கழிச்சுட்டுக் கணக்குச் சொல்லணும். ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காட்டு வங்கி ரெண்டாயிரம்னு வாசிச்சுது. மறுமாசம் பஞ்சம் வந்து குழியைத் திறந்தா சிலந்திதான் இருந்துச்சு!”

மரங்கொத்தி கடன்காரர்களைப் பார்க்கக் கிளம்பினார். முதலில் ஆமை. நூறு மரக்கால் வாங்கியவர். அவருடைய வயலில் தினை முற்றிக் கிடந்தது.

“நல்லா விளைஞ்சிருக்கு. இருந்தாலும் அஞ்சு மரக்கால் வராதுன்னு எழுதிக்கிறேன்” என்றார் மரங்கொத்தி.

“என்ன கணக்கரே! என்னையா சந்தேகப்படுறீங்க?”

“உங்களை இல்லைங்க. வழியில பாறை இருக்கு, பள்ளம் இருக்கு. சுமையோட வரும்போது நீங்க மல்லாக்க விழுந்துட்டா?”

ஆமை ஓட்டிலிருந்து கழுத்தை நீட்டினார். “ரெண்டு தடவை விழுந்திருக்கேன். பத்துன்னே எழுதிக்குங்க!” என்றார்.

அடுத்தது குரங்கு. முந்நூறு மரக்கால் வாங்கி மூன்று ஆண்டு ஆகிவிட்டது. அவன் நிலத்தில் புல்கூட இல்லை.

“விதைச்சியா?”

“விதைக்கலாம்னுதான் இருந்தேன். வாசனை நல்லா இருந்துச்சு. தின்னுட்டேன்.”

“அப்போ கடன்?”

“நாளைக்குத் தரேன்! தரமாட்டேன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?”

மரங்கொத்தி திரும்பி வந்து பட்டையில் கொத்தினார். குழியில் அறுநூறு. ஆமையிடம் தொண்ணூறு. குரங்கிடம் ஒன்றுமில்லை. மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூறு.

பெருச்சாளி பட்டையை எட்டிப் பார்த்தார். “போன வருஷம் ஆயிரம், இந்த வருஷம் அறுநூத்துத் தொண்ணூறா? என் மானம் போகும்! ஒரு தவணையாவது குரங்கு கட்டிட்டா, கட்டுறவன்னு எழுதுவீங்களா?”

“கட்டட்டும், பார்க்கலாம்.”

பெருச்சாளி நேராகக் குரங்கிடம் ஓடினார். “தம்பி! உனக்கு நூறு மரக்கால் புதுக் கடன் தரேன். அதை நாளைக்குக் கொண்டுவந்து பழைய கடனுக்குக் கட்டிடு. கணக்கு பளிச்சுன்னு ஆயிடும்!”

“நாளைக்குத்தானே? நாளைக்குன்னா எனக்கு ரொம்ப வசதி!” என்றான் குரங்கு.

குழியிலிருந்து நூறு மரக்கால் போனது. குரங்கு தன் சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் அத்தனை பேரையும் கூப்பிட்டான். மாலைக்குள் நூறும் தீர்ந்தது. மறுநாள் பெருச்சாளி வந்து கேட்டபோது அவன் கிளையில் மல்லாந்து கிடந்தான்.

“புதுக் கடனையும் தரமாட்டேன்னு நான் சொல்லலையே!” என்று ஏப்பம் விட்டான்.

கணக்கு வாசிக்கும் நாள் வந்தது. குளக்கரை நிரம்பி வழிந்தது.

“குழியில் ஐநூறு. வரும் என்று நம்பும் கடன் தொண்ணூறு. ஆக மொத்தம் ஐநூற்றுத் தொண்ணூறு” என்று வாசித்தார் மரங்கொத்தி. “போட்டவர்களுக்குத் தரவேண்டியது அறுநூற்றைம்பது. அறுபது குறைகிறது.”

“வங்கி மூழ்கிடுச்சு! வங்கி மூழ்கிடுச்சு!” என்று தவிட்டுக்குருவிகள் காடு முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தன. எல்லாரும் இலுப்பை மரத்துக்கு ஓடினார்கள். முன்னால் ஓடியது ஒரு தாய்முயல்.

“கோடைக்கு என் ஆறு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு! என்னுதைக் குடுத்துடுங்க!”

“அம்மா, நீங்களே குழியில இறங்கிப் பாருங்க” என்றார் மரங்கொத்தி.

முயல் இறங்கியது. சொன்னபடி ஐநூறும் இருந்தது. மேலே ஏறி வந்து மூச்சு வாங்கியது. “இருக்கு. சொன்ன அளவு அப்படியே இருக்கு. ஆனா அறுபது எப்படிக் குறைஞ்சுது?”

“தும்பிக்கையை நீட்டிக் கேக்கணுமா, நீங்களே சொல்றீங்களா?” என்று பெருச்சாளியைக் கேட்டாள் யானை.

பெருச்சாளி தலையைத் தொங்கப்போட்டார். “ஆயிரம்னு சொல்ற ஆசையில குரங்குக்கு இன்னும் நூறு குடுத்துட்டேன். பழைய கணக்கா இருந்திருந்தா அதையும் சொத்துலதான் சேர்த்திருப்பேன். இந்தக் குறையை நானே நிரப்புறேன்.”

தன் வளையில் சேர்த்து வைத்த தானியத்தை அவர் வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்தார். அறுபது மரக்கால் நிரம்ப மூன்று நாள் ஆயிற்று. தொந்தி பாதியாக வற்றிவிட்டது. கடனை விளைத்து அடைக்க, குரங்கு யானையின் மேற்பார்வையில் நிலம் கொத்தினான். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததும், அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டினான்.

தாய்முயல் தன் தானியத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. “ஆயிரம்னு சொன்னப்போ யாரும் எங்களைக் குழியில இறங்கிப் பார்க்கச் சொல்லலை. இப்பதான் நிம்மதியாத் தூக்கம் வருது” என்றது. அந்தக் கோடையில் குளம் வற்றியது. ஆனாலும் அதன் ஆறு குட்டிகளில் ஒன்றுகூடப் பட்டினி கிடக்கவில்லை.

வராததை வந்ததாகச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, வராமல் போகக்கூடியதை முன்பே கழித்து உண்மையைச் சொல்வதே, நம்பி ஒப்படைத்தவர்களைக் காப்பாற்றும்.