திரும்பாத கவசங்கள்

பெண்படை எல்லைக்குப் புறப்படும் காலை. மூடுபனியில் கோட்டை கனவுபோல் மிதந்தது. யாருடைய கால்களும் தெரியவில்லை. ஆண்களுக்கு அடித்த இரும்புக் கவசத்துக்குள் ஒச்சாயி தொளதொளவென்று நின்றாள். அக்குள் இடைவெளியில் அம்பு தாராளமாக நுழையும்.

"அளவெடுத்துச் செய்யுங்கள், ஐயா" என்று நேற்றே கேட்டிருந்தாள்.

"கவசம் எல்லாருக்கும் ஒன்றுதான். நீ உடம்பைப் பெருக்கிக்கொள்!" என்று சிரித்திருந்தார் தளவாய்.

இன்று அரசர் முன்னிலையில் அவர் முழங்கினார்: "பின்னால் திரும்பு!"

ஒரு கவசமும் அசையவில்லை.

"என்ன திமிர் இது! ஏன் திரும்பவில்லை?"

ஒச்சாயியின் குரல் தலைக்கவசத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தது. "நாங்கள் அப்போதே திரும்பிவிட்டோம், ஐயா. கவசங்களுக்குத் தனியாக ஆணையிடுங்கள்."

சிரித்த அரசர், அக்குள் இடைவெளியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். கொல்லருக்கு ஆளனுப்பினார்.

பயணம் எட்டு நாள் தள்ளிப்போனது. ஒன்பதாம் நாள், "திரும்பு" என்றதும் ஒச்சாயியும் கவசமும் ஒன்றாகத் திரும்பினார்கள்.