சுவரோரத்து மங்கல்

குத்தாலிங்கத்துக்குத் தன் குருவின் தகப்பனார் வயது. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

தென்காசிப் பக்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வரப்பையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர். ஓய்வுக்குப் பிறகு காமிரா வாங்கினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். இவர் அறுபதுக்கு மேல் தோட்டத்து மண்ணில் குப்புறப் படுத்தே வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்தார்.

குருவின் பெயர் ஹபீபா. பூச்சிகளைப் படமெடுப்பதில் பேர் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் வகுப்பு நடக்கும். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் எழுந்து எதையாவது செய்து காட்டுவார். அவரைக் குத்தாலிங்கம் 'டீச்சர்' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார்.

நூலகத்தில் மாணவர்களின் படங்களை மாட்டி வைக்க ஏற்பாடாகியிருந்தது. எல்லாருடைய படமும் தேறிவிட்டது. குத்தாலிங்கத்தின் படம்தான் பாக்கி.

அன்றும் ஒரு படம் கொண்டுபோனார். இட்லிப்பூக் கொத்தில் கறுப்புப் பூச்சி ஒன்று சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. காமிராத் திரையில் அதன் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்.

"கண்ணப் பாருங்க டீச்சர். ஊசி முனை மாதிரி தெளிஞ்சிருக்கு."

ஹபீபா படத்தைப் பழையபடி சிறிதாக்கினார். பூச்சியை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தார்.

"பின்னால இது யாரு?"

"யாருமில்ல டீச்சர். வீட்டுக்காரிதான்."

ஹபீபா முந்தைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்றில் பூச்சிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு மங்கல். இன்னொன்றில் பச்சை. மற்றொன்றில் நீலம். எல்லாம் படத்தின் வலது ஓரத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டியே இருந்தன.

"மதினி எப்பவும் சுவரோரமாத்தான் போவாங்களோ?"

குத்தாலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"முந்தியெல்லாம் தோட்டத்து நடுவால நடந்து வருவா. பூச்சி பறந்துருதுன்னு ஒருநாள் சத்தம் போட்டேன். அதுலருந்து சுவரத்தான் பிடிச்சுப் போவா. நான் வெளியூர் போயிட்டு வந்தன்னைக்குக்கூட அப்படித்தான் போனா. அந்த விசயத்துல தங்கம்."

"படத்தையெல்லாம் பாக்காங்களா?"

குத்தாலிங்கத்தின் முகம் சுருங்கியது. நூலகத்துச் சுவரைவிட அவருக்குப் பெரிய குறை அதுதான்.

"பாக்கா. எதக் காட்டினாலும் 'அருமையா இருக்கு'ம்பா. போன வாரம் பூச்சி பறந்துபோய், வெறும் இலை விழுந்த படம் ஒண்ணு. தெரியாமக் காட்டிட்டேன். அதுக்கும் 'சிறகு அருமையா இருக்கு'ங்கா. அவ வச்ச தோட்டம் டீச்சர் அது. அவகிட்ட காட்டத்தான் காமிராவே வாங்குனேன். அவளுக்கு எம்மேல இருந்த மனசு விட்டுப்போச்சோ என்னமோ."

கணக்குப் பேசிப் பழகிய மனுசனுக்கு இந்த மாதிரிப் பேச்சு சரளமாக வராது. உடனே லென்ஸ் மேல் பாய்ந்தார்.

"இந்த லென்ஸும் அப்படித்தான். மயிரிழை அளவு தெளியுது, மீதியெல்லாம் மங்கிப்போகுது. நான் இப்படி ஒரு வரைபடம் போட்டிருந்தா வேலைய விட்டுத் தூக்கியிருப்பான். அந்த மீதியில என்ன இருக்குன்னு எப்படி டீச்சர் தெரிஞ்சுக்கிடது?"

ஹபீபா எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாங்க. உங்க தோட்டத்துக்குப் போவோம்."

அடுக்களையில் குத்தாலிங்கத்தின் மனைவி உலகம்மாள் காபி போடும் சத்தம் கேட்டது. ஹபீபா காமிராவை வாங்கி, லென்ஸின் வளையத்தைக் கடைசிவரை திருப்பினார். இனி அதில் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெளியும். காமிராவை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"இதக் கண்ணுல வச்சுக்கிட்டு, இன்னொரு கண்ண மூடிக்கிட்டு, அடுக்களை வாசல்லருந்து துவைகல் வரைக்கும் நடங்க. வளையத்தத் தொடக் கூடாது."

"எதுக்கு டீச்சர்?"

"மீதியப் பாக்கணும்னியள்லா?"

குத்தாலிங்கம் சிரித்துக்கொண்டே கிளம்பினார். சொந்தத் தோட்டம்தானே. எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

நாலடி வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. பச்சையும் வெள்ளையும் குழம்பிக் கிடந்தன. எது செடி, எது நிழல் என்று பிடிபடவில்லை. எலுமிச்சைப் பாத்திக்குள் ஒரு கால் இறங்கியது. வாளி ஒன்று உருண்டது.

"அய்யோ" என்றார்.

"நடங்க அண்ணாச்சி" என்றார் ஹபீபா.

குத்தாலிங்கத்தின் கை தானாகப் போய்ச் சுவரைத் தேடியது. பிடித்துக்கொண்டதும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. விரல்களைச் சுவரில் தேய்த்தபடியே மெல்ல நடந்தார். சொரசொரப்பான சுவர். ஆனால் கை போன இடத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வழுவழுவென்று இருந்தது.

துவைகல் காலில் இடித்தது. காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைச் சுவரில் ஒரு கோடு ஓடியது.

அடுக்களை வாசலில் தொடங்கித் துவைகல்லில் முடிந்தது. மஞ்சளும் எண்ணெயும் அழுக்குமாக, விரல் பட்ட இடத்திலேயே விரல் பட்டுப் பட்டு ஏறிய கோடு. குழாய் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் கீழே இறங்கி, தாண்டியதும் மறுபடி மேலே ஏறியது. அவர் தோளுக்கு அது தாழ்வு. உலகம்மாள் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

ஊரில் ஒரு பனை நகர்ந்து நின்றாலும் கண்டுபிடிக்கிற மனுசன். தன் வீட்டுச் சுவரில் கிடந்த கோட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

உலகம்மாள் தட்டில் காபியோடு வந்தார். ஒரு கையில் தட்டு. இன்னொரு கை சுவரில்.

"டீச்சர் எங்க இருக்காங்க?" என்று கேட்டார். ஹபீபா எதிரேதான் நின்றார்.

குத்தாலிங்கம் ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

"ஏளா, எப்பலருந்து?"

"என்னது?"

"கண்ணு."

உலகம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினார்.

"கார்த்திகைக்கு விளக்கேத்தும்போதே ஒரு சுடர் நாலாத் தெரிஞ்சுது. பெறகு புகை மூட்டம் கணக்கா ஆயிட்டு."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"நீங்க அப்பத்தான் பூச்சி பூச்சின்னு சின்னப்புள்ள மாதிரி குதிச்சுக்கிட்டு இருந்திய. ஆசுபத்திரி, அலைச்சல்னு சொல்லி அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"பின்ன எதுக்கு எல்லாப் படத்தையும் அருமைன்ன?"

"நீங்க எடுத்ததுல்லா?"

குத்தாலிங்கம் தட்டோடு துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை.

ஹபீபா தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக் குடித்து முடித்தார். "வாரேன் மதினி" என்று உலகம்மாளின் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

கண்புரைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்றானதும் உலகம்மாள் முதலில் கேட்டது காமிராவைத்தான்.

"எங்க, எல்லாத்தையும் காட்டுங்க."

காட்டினார்.

"இதுல கால் தெரியலயே. இது என்ன, பாதிச் சிறகக் காணோம்? இந்த வெறும் இலைய எதுக்கு எடுத்து வச்சிருக்கிய?"

ஒரு படம் விடாமல் திட்டு விழுந்தது. குத்தாலிங்கத்துக்கு விருந்து சாப்பிட்டதுபோல் வயிறு நிறைந்தது. இன்னும் இன்னும் என்று தேடித்தேடி மோசமான படங்களாகவே காட்டினார்.

"சரி, பின்னால பச்சையா நிக்காளே, அது யாரு?"

"நீதான்."

"நானா? இம்புட்டுக் குண்டாவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளாயிற்று அந்த வீட்டில் அப்படிச் சிரித்து.

மறுநாள் தோட்டத்தில் இறங்கிய உலகம்மாள் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயே, என்ன கண்றாவி இது! மொதல்ல இதுக்குச் சுண்ணாம்பு அடிங்க."

அவர் சொன்னால் சொன்னதுதான். விடிந்ததும் வெள்ளையடிக்கிறவர் வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாக வந்து நின்றார். குத்தாலிங்கம் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். காமிராவை எடுத்து வந்து சுவருக்கு எதிரே மண்டியிட்டார். வளையத்தை மெல்லத் திருப்பி, கோட்டில் பதிந்திருந்த ஒரு விரல் தடத்தில் கொண்டு நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்து லென்ஸுக்கு முன்னால் ஏதோ மஞ்சளாகப் பறந்து போனது.

இன்னொன்று எடுப்பதற்குள் உலகம்மாள் குரல் கொடுத்துவிட்டார். மட்டை சுவரில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு படத்தோடு மாடியேறினார். குருவிடம் நீட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஹபீபா பார்த்தார். படத்தைப் பெரிதாக்கவில்லை. ஓரங்களைத் தேடவும் இல்லை. அந்த விரல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குத்தாலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சுவரு தெளிஞ்சிட்டு டீச்சர். பூச்சிதான் குறுக்க வந்து மங்கிப்போச்சு. மறுபடி எடுக்கலாம்னா சுண்ணாம்பு அடிச்சாச்சு. இது தேறுமா?"

ஹபீபா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எந்தப் பூச்சி அண்ணாச்சி?"