இரண்டாம் ஆண்டு ஜன்னல்

குறும்பாறை நாட்டு அரசர் உத்தமபூபதிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நாட்டில் தொழில்நுட்பக் கலாசாலை ஒன்று கட்டினார். கட்டியதோடு விட்டிருந்தால் நமக்குக் கதை கிடைத்திருக்காது. 'அடுத்த சித்திரை முதல், பட்டயப் படிப்பில் சேராதவர் அரசாங்க மதகையோ உலையையோ தொடக்கூடாது' என்று ஒரு சட்டமும் போட்டார். வேலை செய்பவர்களும் படிக்கலாம், எல்லோருக்கும் வழி உண்டு என்று ஊரெங்கும் பறையும் அறைந்தார்கள்.

வழியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பேராசான் சூலபாணியிடம் போயிற்று. அவர் நூறு நூல் படித்தவர். வேலை செய்பவர்களுக்கென்று தனி விதி எழுதினார். அவர்கள் முதல் மணிக்கு முன் வந்து, பகல் முழுவதும் வகுப்பில் உட்கார வேண்டும். அதே பகல் முழுவதும் வேலையில் இருந்ததாக மேலதிகாரியின் ஓலையும் கொண்டுவர வேண்டும்!

சேர்க்கையின் கடைசி நாளன்று அந்த ஓலை இல்லாமல் வாசலில் வந்து நின்றாள் மாயக்காள். இருபது வருடமாக அரசாங்க மதகுகளுக்குச் சங்கிலி மாட்டுகிறவள். காவலன் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். அப்போதுதான் விகடகவி தெய்வச்சிலை அங்கே வந்து சேர்ந்தார். அவர் எந்த விழாவுக்கும் நேரத்தோடு வந்ததில்லை.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

"பகல்ல மதகுல நின்னா படிக்க முடியாது. படிக்க வந்தா மதகுல நிக்க முடியாது. நான் என்ன ரெண்டு ஆளாவா பொறந்திருக்கேன்? இன்னிக்குச் சேரலைன்னா சித்திரையில என் கையில இருக்கிற வேலையும் போயிரும்யா" என்றாள்.

உள்ளே திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. அரசர் உற்சாகத்தில், "இந்த வளாகத்துக்குள் பேராசான் சொல்வதே சட்டம். நானும் அதற்குக் கட்டுப்பட்டவன்!" என்று முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. முதல் மணி அடித்தது. தாமதமாக வருபவர்களைத் தடுக்கச் சூலபாணி தாமே படம் வரைந்து செய்வித்த இரும்புக் கம்பிக் கதவு கடகடவென்று இறங்கியது.

இறங்கியது இறங்கியதுதான். மேலே ஏறவில்லை.

உள்ளே நாற்பது பண்டிதர்கள் இருந்தார்கள். கதவு ஏன் ஏறவில்லை என்பதற்கு நாற்பது காரணம் சொன்னார்கள். கடப்பாரையைத் தொட ஒருவர்கூட முன்வரவில்லை. உச்சிவேளை ஆயிற்று. அரண்மனையில் விருந்து ஆறிக்கொண்டிருந்தது. அரசரின் வயிறு சத்தமாகவே பேச ஆரம்பித்தது.

கம்பிகளுக்கு வெளியே சுத்தியலும் கையுமாக நின்ற மாயக்காளைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. "தெய்வச்சிலை! அந்த அம்மாவை உள்ளே அனுப்பு!"

"அனுப்பலாம், மன்னா. ஆனால் மாணவர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று பலகையில் போட்டிருக்கிறதே."

அரசர் சூலபாணியை முறைத்தார். சூலபாணி பதறி, "சேர்த்துக்கொண்டேன்! இப்போதே சேர்த்துக்கொண்டேன்!" என்றார்.

"முதல் மணி அடித்துவிட்டதே, ஐயா?"

"வேலை செய்கிறவர்கள் மாலையில் வந்தால் போதும்!"

"மேலதிகாரி ஓலை?"

"வேண்டாம் ஐயா, வேண்டாம்!"

தெய்வச்சிலை ஒரு வார்த்தை விடாமல் ஓலையில் எழுதிக்கொண்டார். "கதவு மூடியிருக்கிறது. எந்த வழியாக வருவார்?"

"அதோ, மாடி ஜன்னல் திறந்துதானே இருக்கிறது! மன்னர் ஏணியில் இறங்கினால் அழகில்லை, அவள் ஏறலாமே!"

"அது இரண்டாம் ஆண்டு வகுப்பறை. முதலாம் ஆண்டில் 'சுத்தியல் என்றால் என்ன' என்ற பாடம் முடிக்காமல் அங்கே எப்படி?"

"சுத்தியலோடுதானே நிற்கிறாள்! நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேர்க்கிறேன், போதுமா?"

கம்பி இடுக்கு வழியாக ஓலை உள்ளே போயிற்று. முத்திரை விழுந்து வெளியே வந்தது. மாயக்காள் ஏணி வைத்து ஏறினாள். வெற்றிலை போடும் நேரம்தான். மேலே சுத்தியல் மூன்று முறை அடிக்கும் சத்தம் கேட்டது. கதவு முனகிக்கொண்டே ஏறியது.

"என்ன கோளாறு?" என்று சூலபாணி மெல்லக் கேட்டார்.

"சங்கிலி சக்கரத்தை விட்டு நழுவிருச்சுங்க. படத்துல சங்கிலிக்குக் கனம் கிடையாது. இங்க இருக்குல்ல?"

எல்லோரும் வெளியே வந்தார்கள். காற்றுப் பட்டதும் சூலபாணிக்குப் பழைய மிடுக்குத் திரும்பிவிட்டது. "மன்னா, நெருக்கடியில் சொன்னது செல்லாது. அந்த ஓலையை ரத்து செய்கிறேன். இந்த வளாகத்தில் நான் சொல்வதே சட்டம் என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

அரசர் நெளிந்தார். சபையில் சொன்ன சொல் ஆயிற்றே! மாயக்காளின் முகம் செத்துப்போயிற்று.

தெய்வச்சிலை பணிவாகக் கும்பிட்டார். "பேராசான் சொன்னால் சரிதான். அம்மா, உன்னைச் சேர்த்தது செல்லாதாம். அப்படியானால் நீ உள்ளே போனதும் செல்லாது, கதவைத் திறந்ததும் செல்லாது. போய்ச் சங்கிலியைப் பழையபடி கழற்றிவிடு. மன்னா, தாங்களும் பேராசானும் தயவுசெய்து உள்ளே எழுந்தருள வேண்டும்."

மாயக்காள் சுத்தியலை எடுத்துக்கொண்டு நிஜமாகவே நடந்தாள். அரண்மனைப் பக்கமிருந்து நெய் வாசனை வந்தது.

"ஐயையோ, நில்லம்மா!" என்று அலறினார் அரசர். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சூலபாணி, ஒன்று ஓலை நிற்கட்டும், இல்லை நீர் மட்டும் உள்ளே போம்!"

சூலபாணி கதவைப் பார்த்தார். "ஓலையே நிற்கட்டும், மன்னா" என்றார்.

தெய்வச்சிலைக்கு முத்துமாலை கிடைத்தது. மதகுக்காரர்கள், உலைக்களத்தார் எல்லோருக்கும் மாலை வகுப்பு கிடைத்தது. அன்றிலிருந்து மாலை மணி அடித்தால், மாயக்காள் உள்ளே வந்துவிட்டாளா என்று பார்க்காமல் பேராசான் கதவை இறக்குவதே இல்லை.